‘கடினமாகத்தான் இருக்கும்’ என்ற சாக்கு

“அறிவியல் மென்பொருள் கடினமாகத்தான் இருக்கும், முடிந்தவர் கற்றுக்கொள்ளட்டும்.” ஆய்வகங்களில் மாணவர்கள் காதில் அடிக்கடி விழும் பேச்சு இது. பயன்பாட்டு எளிமை வெறும் மேற்பூச்சு, கணக்கின் துல்லியம் வேறு என்ற நம்பிக்கையிலிருந்து வருவது. அந்த நம்பிக்கை பிழையானது, ஆபத்தானதும்கூட.

ஆர் மொழியையே பாருங்கள். ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மேனும் உருவாக்கிய திறந்த மூல மென்பொருள்; புள்ளியியலாளர்களின் அன்றாடக் கருவி. வெப்பநிலைப் பதிவு ஒன்றை அதில் ஏற்றுகிறோம் என்று வையுங்கள்: 31, 28, 35. நான்காவது வரியில் யாரோ ‘பதிவில்லை’ என்று எழுதிவிட்டார். அந்த ஒரு சொல்லால் அந்தப் பத்தி முழுவதும் ‘ஃபேக்டர்’ என்னும் வகைப்பட்டியலாக மாறிவிடும். அதைத் திரும்ப எண்ணாக்கினால் 31, 28, 35 கிடைக்காது. பட்டியலில் அவை நிற்கும் இடம்தான் கிடைக்கும்: 2, 1, 3, 4. எச்சரிக்கை எதுவும் வராது. அதை வைத்துச் சராசரி எடுக்கலாம், வரைபடம் போடலாம், கட்டுரையே எழுதி அனுப்பிவிடலாம்.

2000இல் வந்த 1.0 பதிப்பிலிருந்து 2020 ஏப்ரலில் 4.0 வரும்வரை இருபது ஆண்டுகள் இதுதான் நடந்தது. “கேள்வி-பதில் கையேட்டிலேயே விளக்கியிருக்கிறோமே” என்பார்கள். உண்மைதான். எல்லாரும் ஒரே இடத்தில் விழுந்ததால்தானே அது கையேட்டில் ஏறியது? 4.0இல் எழுத்து எழுத்தாகவே நிற்கிறது. எண்ணாக்கினால் ‘பதிவில்லை’ மட்டும் விடுபட்ட மதிப்பாகி, எச்சரிக்கையும் வருகிறது. சூத்திரம் எதுவும் மாறவில்லை. மாறியது பயன்பாடு, தவிர்க்கப்பட்டது தப்பான விடை.

மெனுவைச் சொடுக்கிச் செய்யும் ஆய்வை மறுபடி செய்து சரிபார்க்க முடியாது என்பது அடுத்த வாதம். நுண்ணோக்கிப் படங்களை அலசும் இமேஜ்ஜே அதைப் பொய்யாக்கிவிட்டது. அதன் ‘ரெக்கார்டர்’ சாளரத்தைத் திறந்துவைத்தால், சொடுக்கும் ஒவ்வொரு கட்டளையும் நிரல்வரியாகப் பதிவாகும். இமேஜ்ஜேயையே தேவையான செருகுநிரல்களுடன் கட்டித்தரும் ஃபிஜியை, சுருக்கிய கோப்பை விரித்த கையோடு இயக்கலாம். உயிரியலாளர்கள் அதை விரும்பி ஏற்றதில் வியப்பில்லை.

ஊதியமின்றி மென்பொருள் எழுதுபவர்களிடம் இவ்வளவு கேட்கலாமா என்பது நியாயமான கேள்வி. புதிய முறைக்கு ஆய்வுக்கட்டுரையும் நிதியும் கிடைக்கின்றன; தெளிவான ஒரு பிழைச்செய்திக்கு எதுவும் கிடைப்பதில்லை. நிதி தருவோர் முதலில் இதை மாற்ற வேண்டும். மென்பொருள் எழுதுவோருக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த பதிப்பை வெளியிடுமுன், அதை அறியாத ஒரு மாணவியிடம் கொடுத்து, வாய் திறக்காமல் அருகில் உட்கார்ந்து பாருங்கள். அவர் தடுமாறும் இடங்களைக் குறித்து, திருத்திவிட்டு வெளியிடுங்கள்.