பள்ளு கண்ணாடியா? ஒல்லாந்த உழவர் ஓவியங்களை முன்வைத்து ஒரு மறுப்பு

பள்ளு இலக்கியம் உழவர் வாழ்வைக் காட்டும் கண்ணாடி என்னும் கருத்து நம் ஆய்வேடுகளில் மீண்டும் மீண்டும் கூறப்பட்டு வருகிறது. இக்கருத்து ஏற்புடையதன்று. ஏறத்தாழ அதே காலத்தில் தோன்றிய ஒல்லாந்த உழவர் ஓவியங்களோடு ஒப்பிடின் இது தெளிவாகும்.

ஹார்லெம் நகரினரான ஏட்ரியன் வான் ஒஸ்டாட (1610-1685) உழவர் வாழ்வையே பெரிதும் தீட்டியவர். அவருடைய தொடக்ககால ஓவியங்களில் உழவர் இருண்ட குடில்களில் குடித்துப் பூசலிடுகின்றனர். பிற்கால ஓவியங்களில் ஒளி நிறைந்த இல்லங்களில் அமைதியாக அமர்ந்துள்ளனர். இருபது முப்பது ஆண்டுகளில் உழவரின் இயல்பு தலைகீழாகிவிடவில்லை. படம் வாங்கிய நகரத்தாரின் சுவையே மாறியது. அவ்வோவியங்களில் உழவர் பெரிதும் காணப்படுபவரேயன்றிக் காண்பவர் அல்லர்.

முக்கூடற்பள்ளும் இத்தகையதே. 17ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சார்ந்ததாகக் கருதப்படும் அந்நூல் நெல்வகை, மாட்டுவகை, மீன்வகை ஆகியவற்றை விரிவாகப் பேசுகிறது. அவ்வளவில் அஃது அரிய ஆவணமே, மறுப்பாரில்லை. ஆனால் அதன் மாந்தர் யாவர்? இளையாளிடம் மயங்கிக் கிடக்கும் பள்ளனும், ஒருவரையொருவர் ஏசிக்கொள்ளும் மனைவியர் இருவருமே. மூத்தவள் முறையிடப் பண்ணைக்காரன் பள்ளனைத் தொழுமரத்தில் மாட்டுகிறான். உழைப்பவனின் காலில் பூட்டிய கட்டை அங்கு நகைச்சுவைக் காட்சியாகிறது. பண்ணைக்காரனும் எள்ளப்படுகிறானே எனின், எள்ளல் இருவர்க்கும் பொது. தொழுமரம் ஒருவனுக்கே உரியது.

ஒல்லாந்தர் 1658இல் நாகப்பட்டினத்தைக் கைப்பற்றினர். அடுத்த சில ஆண்டுகளில் தஞ்சைப் பகுதியைப் போரும் பஞ்சமும் வாட்டியபோது ஆயிரக்கணக்கானோரை அடிமைகளாக வாங்கிக் கப்பலேற்றினர். ஒஸ்டாடவின் உழவர் தம் இல்லங்களில் அமைதியாக அமர்ந்திருந்த காலமும் அதுவே. கப்பலேறியோரின் கதையை அவ்வோவியங்களிலும் காணோம், முக்கூடற்பள்ளிலும் காணோம்.

பள்ளு நூல்களைப் புறக்கணிக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. மனிதரை விற்றமைக்குச் சான்றான அடிமை ஓலைகளையும், வயலில் பெண்கள் பாடிய நடவுப் பாடல்களையும் உடன்வைத்தே அவற்றைக் கற்றல் வேண்டும். கண்ணாடி என்னும் சொல்லைக் கைவிட்டு, யார் கண்டு மகிழ யார் இயற்றினர் என வினவுதல் வேண்டும். அவ்வினா எழாதவரை, பள்ளனைத் தொழுமரத்தில் மாட்டிய கைகளோடு ஆய்வாளரின் கையும் சேர்ந்தே இருக்கும்.