குளிருக்குள் ஒளிந்திருக்கும் வெயில்

லெம்பா பெர்த்தாம் பக்கம் வெயிலைப் பற்றிப் பேசினால் சிரிப்பார்கள். "நம்ம மலையிலே ஏதுங்க வெயிலு? கம்பளி இல்லாமே தூங்க முடியலே! வெயிலெல்லாம் கீழே ஈப்போக்காரங்களுக்குத்தான்" என்பார்கள். தோட்டத்து மக்களே, இந்த நினைப்புத்தான் நம்மை ஏமாற்றுகிறது.

உடம்பில் உறைக்கும் சூடு வேறு. தோலைக் கெடுக்கும் கதிர் வேறு. புற ஊதாக் கதிர் என்பது அதன் பெயர். கண்ணுக்குத் தெரியாது, சுடவும் சுடாது. 1,000 மீட்டர் மேலே ஏறினால் அதன் வேகம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கூடும். ரிங்லெட்டும் தானா ராத்தாவும் அந்த உயரத்துக்கும் மேலே! மெல்லிய மேகமும் அதைத் தடுக்காது.

"நம்ம கறுத்த தோலை அது என்ன செய்யும்?" என்று கேட்கலாம். கறுப்பு நமக்கு இயற்கை தந்த குடை, உண்மைதான். ஆனால் அந்தக் குடை கண்ணுக்கு இல்லையே! வருஷக்கணக்கில் வெயிலில் நின்று கொழுந்தெடுத்தால் கண்புரை வரலாம். விழியில் சதை வளரலாம். வெண்புள்ளி உள்ளவர்களுக்கு அந்த இடத்தில் குடையே கிடையாது.

1982 ஜனவரி முதல் தேதி நம் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். ஆகவே இங்கே உச்சிப்பொழுது 12 மணிக்கல்ல, 1 மணி தாண்டித்தான். கடிகாரம் வேண்டாம், நிழலைப் பாருங்கள். நிழல் உங்களைவிடக் குட்டையானால் வெயில் கடுமை. காலை வெயிலுக்குப் பயப்பட வேண்டாம். பிள்ளைகள் ஓடியாடட்டும், பெரியவர்கள் காயட்டும். கொஞ்சம் வெயில் எலும்புக்கு நல்லது.

தாய்மார்களே, முகம் வெளுக்க பாசார் மாலாமில் கிரீம் வாங்காதீர்கள். சிலவற்றில் பாதரசம் இருப்பதாகச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். அந்தக் காசுக்கு ஓர் அகலத் தொப்பி வாங்கலாம்.

ஆனால் தொப்பியை நாமேதான் வாங்க வேண்டுமா? கூடையும் கத்தரியும் போல அகலத் தொப்பியும் நீளக்கைச் சட்டையும் வேலைச் சாமான்தான். தொழிலாளியின் பாதுகாப்பு முதலாளியின் பொறுப்பு என்கிறது 1994ஆம் ஆண்டுச் சட்டம். அந்தச் சட்டப்படி கொடுக்கும் பொருளுக்குச் சம்பளத்தில் காசு பிடிக்கவும் கூடாது. உச்சி வேளையில் நிழலில் ஓய்வு கொடுத்தால் கொழுந்து ஓடிவிடாது. ஒருவராகக் கேட்டால் முணுமுணுப்பு. பெரட்டில் எல்லாரும் சேர்ந்து கேட்டால் கோரிக்கை. கேளுங்கள்!