தனிக்குடித்தனமா, கூட்டுக் குடும்பமா?

மூத்த மகனுக்குத் திருமணம் ஆனதும் வீட்டில் ஒரு பேச்சு எழும். இருக்கிற வீட்டிலேயே ஓர் அறை கூட்டிக் கட்டுவதா, தனிக்குடித்தனம் வைப்பதா? கணினி நிரல் எழுதுவோரிடையேயும் இதே பேச்சு உண்டு. பழைய நிரலிலேயே புதிய வசதிகளைச் சேர்ப்பதா, அதைப் படியெடுத்துத் தனியே வளர்ப்பதா?

நண்பர்களே, கோப்பு முறைமை என்பது வட்டின் கணக்குப்பிள்ளை. எந்தக் கோப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்பது அதற்குத்தான் தெரியும். கணக்குப்பிள்ளை தடுமாறினால் சொத்து போயிற்று!

லினக்ஸின் கணக்குப்பிள்ளைப் பரம்பரையில் எக்ஸ்ட்2 என்பது 1993-இல் வந்தது. அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் ரெமி கார்ட் என்னும் பிரெஞ்சுக்காரர். அதன் வாரிசான எக்ஸ்ட்3, 2001-இல் லினக்ஸில் சேர்ந்தது. வழக்கமான 4 கிலோபைட் கட்டங்களில் 16 டெராபைட்டுக்கு மேல் அதற்குக் கணக்கு வைக்கத் தெரியாது. ஆகவே அதையே விரிவாக்க வேண்டும் என்று 2006-இல் சிலர் முனைந்தனர். "எத்தனையோ பேரின் தரவுகள் அதை நம்பி இருக்கின்றன, அதில் கை வைக்காதீர்கள்" என்று லினஸ் டோர்வால்ட்ஸ் உள்ளிட்டோர் தடுத்தனர். முடிவில் நிரலைப் படியெடுத்து எக்ஸ்ட்4 என்று பெயரிட்டார்கள். சோதனையெல்லாம் அதில் நடந்தது. 2008 டிசம்பரில்தான் அது பயன்பாட்டுக்கு உரியதென அறிவிக்கப்பட்டது.

படியெடுத்தால் வேலை இரட்டிப்பாகும், ஒன்றில் கண்ட பிழையை மற்றதிலும் தேடித் திருத்த வேண்டும் என்று என் வகுப்புத் தோழர்கள் வாதாடுகிறார்கள். உண்மைதான். ஆனால் எக்ஸ்ட்4 பிரிந்து போனாலும் பழைய கணக்கைப் படிக்க மறக்கவில்லை. எக்ஸ்ட்3 வட்டுகளையும் அதுவே கையாண்டதால், 2015-இல் லினக்ஸ் 4.3 வந்தபோது எக்ஸ்ட்3-இன் தனி நிரல் நீக்கப்பட்டது. இரண்டு அடுப்பு மீண்டும் ஒன்றாயிற்று.

இதன் அருமையை நான் வீட்டிலேயே கண்டேன். பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக இருந்தவர் என் தாத்தா. அவருடைய படங்களையும், அவர் கதை சொன்ன குரலையும் குருசுக்குப்பத்து மாமா 2005-இல் ஒரு வட்டில் சேமித்து வைத்தார். தாத்தா இன்று இல்லை. சென்ற பொங்கல் விடுமுறையில் அந்த எக்ஸ்ட்3 வட்டை என் மடிக்கணினியில் இணைத்தேன். ஒரு கோப்பும் குறையவில்லை. தாத்தாவின் குரல் கேட்டதும் ஆயா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆகவே என் துணிபு இது. பிறர் நம்பியிருக்கும் நிரலில் துணிச்சலான சோதனை வேண்டாம், படியெடுத்துச் செய்யுங்கள். ஆனால் பழையதைப் படிக்கும் திறனை விட்டுவிடாதீர்கள். இன்று ஒரு நிரலைப் படியெடுக்க ஒரு நிமிடம் போதும். பிரிவது எளிது; திரும்பி வரும் வழியை அடைக்காமல் பிரிவதே அறிவுடைமை.