பிரிந்தோருக்கும் ஒரு கோடு

மணமுறிவுகள் பெருகிவிட்டன என்று பட்டிமன்ற மேடை முதல் டவுன் பஸ் வரை பேசாதார் இல்லை. எவ்வளவு பெருகின என்று கேட்டால் மட்டும் விடை வராது. புள்ளியியல் படிப்பவள் என்ற முறையில் அந்த விடையைக் கணிப்பொறியில் படமாக வரைந்து பார்க்க ஆசைப்பட்டேன்.

முதலில் அமெரிக்கக் கணக்கை எடுத்துக்கொண்டேன். பைத்தான் மொழியில் சில வரிகள் எழுதியதும் திரையில் கோடுகள் எழுந்தன. கோட்டின்மேல் சுட்டியை நகர்த்தினால் அந்தந்த ஆண்டின் எண் தெரிகிறது. பொருளாதார மந்தம் வாட்டிய 1932-இல் ஆயிரம் பேருக்கு 7.9 திருமணங்கள். போர் முடிந்து சிப்பாய்கள் வீடு திரும்பிய 1946-இல் 16.4. அதே ஆண்டில் மணவிலக்கும் 4.3-க்கு ஏறுகிறது. போர்க்கால அவசரத்தில் கட்டிய தாலிகள் போலும்! (அங்கே தாலி ஏது, மோதிரம் என்று கொள்க.) 1981-இல் 5.3-ஐத் தொட்ட மணவிலக்கு, பின்னர் இறங்குகிறது.

நம் நாட்டுக்கு இதே படத்தை வரைய உட்கார்ந்தபோது கோடு வரவில்லை. தனித்தனிப் புள்ளிகளே வந்தன. நமக்குக் கிடைப்பது பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கும் மக்கள் தொகைக் கணக்கு. 2021-இல் வரவேண்டியதும் தள்ளிப்போயிற்று. தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவது கட்டாயமானதே 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான். கொங்கு நாட்டில் அருமைக்காரர் நடத்திவைத்த கலியாணங்களுக்குப் பந்தலில் கூடிய சனமே சாட்சி, ஏடு ஏது? வழக்கப்படி தீர்த்துக்கொள்ளும் உரிமையை 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 29-ஆவது பிரிவும் விட்டுவைத்திருக்கிறது. அப்படித் தீர்ந்தவை கோர்ட்டுக் கணக்கில் எப்படி வரும்?

2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியாவில் மணவிலக்குப் பெற்றோர் சுமார் 13.6 லட்சம், மணமானோரில் 0.24 விழுக்காடு. அமெரிக்க எண் ஓராண்டில் நடந்தவற்றைச் சொல்வது. நம் எண் அன்று அந்நிலையில் இருந்தவர்களைச் சொல்வது. இரண்டையும் ஒரே படத்தில் ஏற்றுவது தகாது. ஆயினும் இந்தச் சிறிய எண்ணைக் காட்டி நம் குடும்ப அமைப்பின் பெருமையைப் பேசுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏனெனில் அதே கணக்கில், சட்டப்படி விலகாமல் பிரிந்து வாழ்வோர் 0.61 விழுக்காடு! ஏறக்குறைய 35 லட்சம் பேர். இரு பிரிவிலும் பெண்களே அதிகம். ஆண் மறுபடி மணவறை ஏறிவிடுகிறான்.

அந்த எண்ணும் முழுமையானதன்று என்பேன். பல்லடத்துக்குப் பக்கத்தில் என் அத்தை முறையாகும் ஒருவர் அண்ணன் வீட்டில் நெடுங்காலமாக இருக்கிறார். கோர்ட்டுப் படி ஏறியதில்லை. ஊரார் 'வாழாவெட்டி' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். கணக்கெடுக்க வந்தவருக்கு வாசலில் நின்று பதில் சொன்னவர் அண்ணன்: "கட்டிக் குடுத்தாச்சுங்க." எழுதியவரும் 'மணமானவர்' என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அத்தை அப்போது தறிக்கூடத்தில் இருந்தார்.

எனவேதான் மணவிலக்குக்கு மட்டும் கோடு போட்டு நிறுத்துவதை நான் ஒப்பவில்லை. பிரிந்து வாழ்வோரை அதற்கு மேலே, அதைவிட அழுத்தமான நிறத்தில் வரைய வேண்டும். என் படத்தில் அப்படித்தான் வரைந்திருக்கிறேன். 2011-க்குப் பிறகு அதில் வெற்றிடம். "பார்க்க நன்றாயிராது, ஒரு கோடு இழுத்துவிடு" என்றார்கள் தோழியர். நான் இழுக்கவில்லை.