கரிப்பூட்டை: ஒரு சாட்டையும் மிஞ்சக் கூடாது

கரும்பில் கரிப்பூட்டை நோயை உண்டாக்கும் பூசணம் இரண்டு உருவங்களில் வாழ்கிறது. வித்து முளைத்ததும் அது ஈஸ்ட் போல ஒற்றைச் செல்லாக மொட்டுவிட்டுப் பெருகும். இந்த உருவில் அதனால் கரும்பைத் தாக்க முடியாது. வெவ்வேறு இனச்சேர்க்கை வகையைச் சேர்ந்த இரு செல்கள் கூடினால், இரண்டிலும் உள்ள 'பி' மரபணுக்கள் தரும் புரதங்கள் இணைந்து வேலை செய்கின்றன. உடனே பூசணம் நூலிழையாக நீண்டு, பருவுக்குள் புகுந்து நோயை உண்டாக்குகிறது.

ஒரே வித்திலிருந்தே இருவகைச் செல்களும் பிறக்கும். ஆகவே, "நாலைந்து தூர்தானே" என்று விட்டுவிடுவது சரியல்ல. ஒரு கருஞ்சாட்டையே கோடிக்கணக்கான வித்துக்களைக் காற்றில் தூவி அடுத்தவர் வயலையும் கெடுக்கும்.

சாட்டை தென்பட்டதும் சாக்குப் பையால் மூடி அறுத்து, கொதிநீரில் அமிழ்த்துங்கள். தூரைத் தோண்டி எரித்துவிடுங்கள். அந்த வயலில் விதைக்கரணை எடுக்க வேண்டாம். மறுதாம்பு விட்டால் கரணைச் செலவு மிச்சம் என்பது உண்மையே. ஆனால் நோய் 10 சதத்தைத் தாண்டிய வயலில் அந்த மிச்சம் மகசூல் இழப்பில் கரைந்துவிடும்.

விதைக்கரணைகளை 50 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 2 மணி நேரம் வைத்து நேர்த்தி செய்வது நல்ல பலன் தரும். இதற்கான தொட்டியைச் சிறு விவசாயி தனியே அமைக்க இயலாது. கரும்பு வாங்கும் ஆலைகளே நேர்த்தி செய்த கரணைகளை வழங்க வேண்டும். அதைக் கேட்டுப் பெறுவது விவசாயிகளின் உரிமை. ஊர் கூடிச் சாட்டைகளை அகற்றுவது அவர்கள் கடமை.