ஹெட்போனில் கேட்கும் இசையும் இலக்க மாற்றியும்

தில்லி நேரு பிளேஸ் கடைத்தெருவில் கைப்பேசியோடு இணைக்கும் சிறு ஒலிமாற்றிகள் சில நூறு ரூபாய்க்கும் கிடைக்கின்றன. பல ஆயிரம் ரூபாய்க்கும் கிடைக்கின்றன. ஹெட்போன் செருகும் துளை பல கைப்பேசிகளில் இல்லாது போனமையால், இச்சாதனம் இன்று பலருக்கும் அவசியமாகிவிட்டது. விலை உயர உயர ஒலியின் தரமும் உயரும் என்பது வாங்குவோரின் நம்பிக்கை. அது எவ்வளவு தூரம் நியாயமானது என்று ஆராய்தல் நலம்.

இலக்க முறையில் பதிவான இசை எண்களின் வரிசையேயாகும். குறுந்தகட்டில் ஒவ்வொரு செவிக்கும் வினாடிக்கு 44,100 எண்கள் உள்ளன. ஒவ்வோர் எண்ணும் 65,536 படிகளுள் ஒன்றைக் குறிக்கும். இவற்றை மீண்டும் மின் அலையாக்குவதே மாற்றியின் பணி. அப்போது செவிக்கு எட்டாத உயர் அதிர்வெண்களில் போலி அலைகளும் உடன் தோன்றும். அவற்றை நீக்க வடிகட்டி தேவை.

1982-இல் குறுந்தகடு விற்பனைக்கு வந்தபோது, சோனி நிறுவனம் 16 பிட் மாற்றியையும், உயர் அதிர்வெண்களைச் சட்டென வெட்டும் வடிகட்டியையும் கையாண்டது. பிலிப்ஸ் நிறுவனமோ 14 பிட் மாற்றியையே கொண்டு, இடைநிலை எண்களைக் கணித்துச் சேர்த்து, வினாடிக்கு 1,76,400 எண்களாகப் பெருக்கிற்று. அதனால் எளிய வடிகட்டியே போதுமானதாயிற்று. பிட்டுகளின் எண்ணிக்கை மட்டுமே தரத்தை நிர்ணயிப்பதன்று என்பதற்கு இது தக்க சான்று. எண்களைப் பெருக்கும் அம்முறை இன்று மலிவான சில்லுகளிலும் இடம்பெற்றுவிட்டது.

எனவே, செவிக்குப் புலனாகும் வேறுபாட்டை மாற்றிக்குப் பின்னுள்ள மின்பெருக்கியிலேயே பெரும்பாலும் தேடவேண்டும். ஒரு ஹெட்போனின் மின்மறுப்பு ஓர் அதிர்வெண்ணில் 32 ஓம், மற்றோர் அதிர்வெண்ணில் 100 ஓம் எனக் கொள்வோம். பெருக்கியின் வெளியீட்டு மின்மறுப்பு 10 ஓம் ஆயின், இவ்விரு சுரங்களின் வலிமையில் ஏறத்தாழ 1.5 டெசிபெல் ஏற்றத்தாழ்வு நேரும்; அது 1 ஓம் ஆயின், 0.2 டெசிபெல்லுக்கும் குறைவே. முன்னது வீணையின் நாதத்தையே சற்று மாற்றிக் காட்டவல்லது. பின்னது செவிக்குப் புலப்படுவது அரிது. அவ்வாறே, பெருக்கியின் இரைச்சல் மிகுந்தால், ஆலாபனையின் இடைமௌனத்தில் தேயும் தம்பூராவின் நாதம் அதில் அமிழ்ந்துபோகும்.

கடையில் கேட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாமே எனின், அதிலும் ஒரு மயக்கம் உண்டு. இரு சாதனங்களுள் சற்றே உரத்து ஒலிப்பது எதுவோ அதுவே இனியது என்று செவி கருதிவிடும். இரண்டின் ஒலியளவையும் அளவுகருவியால் சமமாக்கி, எது எதுவென அறியாது கேட்டாலன்றி அத்தீர்ப்புக்கு மதிப்பில்லை.

வாங்குவோர் அனைவரும் இச்சோதனையைச் செய்ய இயலாது. ஆகவே வெளியீட்டு மின்மறுப்பு, இரைச்சல், வெளியீட்டுத் திறன் ஆகிய மூன்றையும் உறையின்மீது தெளிவாக அச்சிடுதல் உற்பத்தியாளரின் கடமையாக்கப்பட வேண்டும். பகதூர் ஷா ஜாபர் மார்க்கில் இயங்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இதற்கான அளவீட்டு முறையை வகுத்து முன்னின்று நடத்துதல் பொருத்தமாகும். எடையும் அளவும் அறிந்து அரிசி வாங்கும் மக்கள், ஒலிச்சாதனத்தை மட்டும் விளம்பரச் சொல்லை நம்பி வாங்க நேர்வது முறையன்று.