பொட்டலத்துக்குள் உயிர் இருக்கிறதா?

உழவர்களே, காய்கறி வாங்கிச் சமைப்பவர்களே!

கிலோ விதைநெல்லுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாப் பொடியைக் கலந்து ஓர் இரவு ஊறவைத்துக் குலைநோயைத் தடுத்தவர்கள் எங்களிலும் பலர். டிரைக்கோடெர்மா விரிடி என்ற பூஞ்சையைத் தொழுவுரத்தில் கலந்து போட்டு வேரழுகலுக்குத் தப்பியவர்களும் உண்டு. இந்த மருந்துகள் நிலைக்க வேண்டும், அதற்காகவே இதை எழுதுகிறோம்.

இவை உயிருள்ளவை. 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி மத்தியப் பதிவுக்குழுவில் பதிந்த பிறகே விற்கலாம். கிராமுக்குக் குறைந்தது சூடோமோனாஸில் 10 கோடி, டிரைக்கோடெர்மாவில் 20 லட்சம் நுண்ணுயிர்கள் இருக்க வேண்டும். சால்மோனெல்லா, ஷிகெல்லா, விப்ரியோ போன்ற நோய்க்கிருமிகள் அறவே கூடாது. நல்ல விதிகள்தாம். ஆனால் பதிவுக்காகக் கொடுத்த மாதிரி வேறு, சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கடியில் கிடக்கும் சரக்கு வேறு. எங்களில் ஒருவர் தக்காளிக்கு வாங்கிய பொட்டலத்தில் காலாவதித் தேதியின் மேல் விலைச் சீட்டு ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினால், தேதி முடிந்து நான்கு மாதம்!

உயிர் செத்திருந்தால் காசும் பயிரும் போகும். வேறு உயிர் கலந்திருந்தால்? மருத்துவமனைகளில் புண்ணைச் சீழ்பிடிக்க வைக்கும் ஏருஜினோசாவும் சூடோமோனாஸ் இனத்ததே. நாம் பயிருக்கு இடுவது ஃப்ளோரசன்ஸ், அது வேறு. வெள்ளைப் பொடியைக் கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது, ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். ரசாயனத்தைக் கலந்து 'உயிரி' என்று விற்றாலோ, அதை நம்பி அறுவடைக்கு முதல் நாள்கூடக் கொத்தமல்லியில் தெளிப்போம். அந்தக் கொத்தமல்லி மறுநாள் யார் வீட்டுச் சட்னியிலோ பச்சையாக அரைபடும்.

ஆகவே அரசிடம் கேட்கிறோம்: கடையில் இருக்கும் சரக்கிலிருந்தே பருவந்தோறும் மாதிரி எடுங்கள். முடிவைத் தயாரிப்பாளர் பெயரோடும் தொகுதி எண்ணோடும் தமிழில் வெளியிடுங்கள். 2 ஆண்டுத் தற்காலிகப் பதிவில் வந்த மருந்துக்கு, பாதுகாப்புத் தரவு முழுமையாக வராமல் நிரந்தரப் பதிவு தராதீர்கள்.

உங்களிடம் கேட்பது இதுதான். ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். பதிவு எண், தொகுதி எண், தேதி மூன்றும் தெரிய ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் வட்டார வேளாண்மை அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். நகரத்தில் இருப்பவர்கள் இந்தக் கோரிக்கையைத் தங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுங்கள். அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் நாங்கள் மனுக் கொடுக்கிறோம். உங்கள் வீட்டுப் பொட்டலத்தோடு வாருங்கள்.